கை நனைக்காத அண்ணன்

காணும் பொங்கலன்று காலையில் அண்ணனுடைய குட்டியானை எங்கள் வீட்டு மேட்டில் உறுமிக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். அவன் கடலை மூட்டை ஏற்றுகிற சின்ன லோடு வண்டி அது. முன்னால் அவன் பக்கத்தில் அம்மா. பின்னால் ஜமுக்காளம் விரித்து அண்ணியும் அவர்களுடைய இரண்டு பெண்களும். மலை ஏறி வந்ததில் பெண்கள் இருவருக்கும் தலை கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அண்ணன் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. நான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்ததிலிருந்து அண்ணன் எங்கள் வாசலை மிதித்ததே இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். ஒடுகத்தூரில் கடலைக் கமிஷன் கடை வைத்து, மூட்டைக்கு நடுவிலேயே தூங்கி எழுந்து, என்னை டீச்சர் ஆக்கினான். கணியம்பாடிப் பக்கம் ஒரு நல்ல குடும்பத்துக்கு என்னைக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்திருந்தான். நான் ஜவ்வாது மலையில் வேலைக்கு வந்த இடத்தில், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ரேடியோ செட் கட்ட வந்த மலைக்காரரைக் கட்டிக்கொண்டேன். சாமை போடுகிற நிலம் கொஞ்சம், புளியமரம் நாலைந்து, கல்யாணம் காதுகுத்துக்கு வாடகைக்குப் போகிற மைக் செட்டு. அவ்வளவுதான் அவர் சொத்து. கீழே இருப்பவர்களுக்கு மலைக்காரர் என்றால் ஒரு இளக்காரம் உண்டு. அண்ணனுக்கும் இருந்தது. அதைவிட, கொடுத்த வாக்கு போயிற்றே என்ற அவமானம் பெரிதாக இருந்தது.

பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த ஒரு கருமாதியில் யாரோ அவனைக் கிண்டினார்கள். பந்தியிலிருந்து எழுந்து நின்று சொல்லிவிட்டான்: “அவ வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்.”

எங்கள் பக்கத்தில் இது சின்னப் பேச்சு இல்லை. பெண் பார்க்கப் போனால்கூட, இடம் முடிவாகும்வரை அந்த வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கை கழுவி இலையில் உட்கார்ந்துவிட்டால் உறவு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கை நனைக்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், எனக்கு அந்த வீடே இல்லை என்று சொன்ன மாதிரி. அம்மாவும் அண்ணியும் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவன் அதைத் தடுத்ததில்லை. கேட்டதுமில்லை.

எனக்கு ரோஷம் அதிகம். வராதவன் வரவே வேண்டாம் என்று இருந்துவிடக்கூடியவள்தான். ஆனால் என் பெண்ணின் காது இருந்ததே. குழந்தைக்கு மொட்டை போடும்போதே காதும் குத்துவது வழக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் மனசு மாறட்டும் என்று மொட்டையை மட்டும் முடித்துவிட்டுக் காதுகுத்தைத் தள்ளிப்போட்டேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி, பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வெறும் காதோடு போனாள். கூடப் படிக்கிறவர்கள், நீ பையனா என்று கேட்கிறார்களாம். நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்திலேயே. இந்தப் பங்குனிக்கு மேல் தள்ள முடியாது என்று வீட்டுக்காரரின் சொந்தங்கள் சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் வரவில்லை என்றால் தூரத்து மாமன் எவன் மடியிலாவது உட்கார வைப்போம் என்றார்கள். சொந்த மாமன் கீழே ஒடுகத்தூரில் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கும்போது, என் பெண் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து அழ வேண்டுமா? கை நனைக்காத வீட்டுப் பிள்ளைக்கு மடி கொடுக்க அவன் வரவும் மாட்டான். ஒன்று நடந்தால்தான் மற்றது நடக்கும்.

அன்றைக்கு அவன் வந்ததுகூட என்னைப் பார்க்க இல்லை. காணும் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்களாம். அம்மாவுக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியவில்லை. அதனால் டிரைவராக வந்திருக்கிறான் என்று அண்ணி என் காதில் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் வண்டிப் பக்கம் போய்ப் போய் வந்தது.

என் வீட்டுக்காரர் போய் “வாங்க மச்சான்” என்று கூப்பிட்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். இறங்கி வந்து வாசலில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தான். என் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வேண்டாம் கண்ணு என்றான். வண்டியிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்துக் குடித்தான். கீழேயிருந்து தண்ணீர்கூட மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கோபம் எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து. அதில் எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதிப் பங்கு. நான் என் பங்கை வாய்க்குள் போட்டுக் கடித்துக்கொண்டேன்.

மதியம் இலை போட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைப் பொரியல், ரசம். எல்லாருக்கும் போட்டபோது அவனுக்கும் ஓர் இலை போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தேன். அம்மா மெல்லப் போய் அவனைக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றான். அண்ணி போனாள். நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இலை காலியாகவே கிடந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டார்கள். அண்ணி இரண்டு வாய் வைத்ததும் குழம்பு நன்றாக இருக்கிறது என்று தேவையில்லாமல் இரண்டு முறை சொன்னாள். பந்தி முடிந்ததும் நான் அந்த இலையைச் சுருட்டி மாட்டுக்குப் போட்டேன். இனி இவனைக் கூப்பிடுவதில்லை, என் பெண் காது வெறும் காதாகவே இருந்தாலும் சரி என்று கறுவிக்கொண்டே போட்டேன்.

சாப்பாடு ஆனதும் தூறல் பிடித்தது. மலையில் தை மாதத்துத் தூறல் நனைக்காது, ஆனால் எலும்புக்குள் குளிரும். பனிமூட்டமும் இறங்கியது. வளைவு முழுக்க மூட்டமாக இருக்கும், கொஞ்சம் விலகியதும் கிளம்பலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த நேரத்தில் பெண்கள் படம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். அவரிடம் புரொஜெக்டர் இருக்கிறது, கல்யாண வீடுகளில் போட்டோ ஓட்டுவதற்கு வாங்கியது. மைக் செட்டு வைக்கிற அறை ஜன்னல் இல்லாத அறை. பகலிலும் கதவைச் சாத்தினால் இருட்டுதான். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினார். என்ன படம் என்று கேட்டார். பெரியவள் சட்டென்று, எங்கப்பாவுக்குப் பிடித்த படம் போடுங்க மாமா என்றாள்.

கறுப்பு வெள்ளைக் காலத்துச் சாகசப் படம் அது. நாடு இழந்த இளவரசன், மலைக்கோட்டை, குகை, வாள் சண்டை. பெயர் எதற்கு, அந்த மாதிரிப் படம் ஒன்றையாவது பார்க்காமல் யாரும் இங்கே வளர்ந்திருக்க முடியாது. அண்ணனுக்கு அது மனப்பாடம். பண்டிகைக்கு டிவியில் போட்டால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். வசனத்தை நடிகருக்கு முன்னால் இவன் சொல்லிவிடுவான். பெண் அதைக் கேட்டதில் சூது ஒன்றும் இல்லை. அவளுக்கு அப்பாமேல் பாசம், அவ்வளவுதான். ஆனால் நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள்.

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். முந்தின நாள் ஊறவைத்த எங்கள் காட்டுக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்து, ஒரு முறம் நிறையக் கொட்டிக் கொண்டுவந்தேன். என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமாக உட்கார்ந்தாள். படம் ஆரம்பித்தது. பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேறு, குதிரைக் குளம்புச் சத்தம் வீடே அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான். குளிர் தாங்கவில்லையோ, வசனம் இழுத்ததோ. வெளிச்சம் வருதுப்பா, உள்ள வந்து கதவைச் சாத்து என்று சின்னவள் அதட்டினாள். உள்ளே வந்தான். நின்றுகொண்டே பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்தான். பிறகு குப்புறக் கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் என் மகள், அவள் மடியில் முறம்.

நான் அதன்பிறகு படம் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலைக் கமிஷன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தில் கடலைக் குவியலைப் பார்த்தாலும் கை தானாகப் போகும். குவியலின் மேலே இருப்பதை எடுக்க மாட்டார்கள், மேலே நல்லதாகத்தான் வைத்திருப்பான் விவசாயி. விரல்களைக் குவித்து அடியில் விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, ஒற்றைக் கையாலேயே ஓட்டை நெரித்துப் பருப்பை வாயில் போடுவார்கள். அண்ணன் எங்கே போனாலும் இதைச் செய்வான். துக்கம் கேட்கப் போன வீட்டு முற்றத்தில் காய்ந்த கடலையைக்கூட ருசி பார்த்துவிட்டு அண்ணியிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

திரையில் இளவரசன் கோட்டைக்குப் போகும் கயிற்றுப் பாலத்தில் ஏறினான். இரண்டு பக்கமும் எதிரிகள். கீழே அதலபாதாளம். ஒருவன் கயிற்றை வெட்ட ஆரம்பித்தான். அண்ணன் முன்னால் குனிந்தான். வாய் வசனத்தை முணுமுணுத்தது. அப்போது அவனுடைய வலது கை தன் பாட்டுக்கு இறங்கி, என் மகள் மடியிலிருந்த முறத்துக்குள் போய், அடியிலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளியது.

அண்ணி என் தொடையை இறுகப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஓடு நெரிந்தது. பருப்பு வாய்க்குள் போனது. எங்கள் காட்டில் விளைந்து, எங்கள் அடுப்பில் வெந்து, எங்கள் வீட்டு உப்புப் போட்ட கடலை. இன்னொன்று. இன்னொன்று. பாலம் அறுந்து இளவரசன் ஒற்றைக் கயிற்றில் தொங்கியபோது இரண்டாவது பிடியும் அள்ளினான். என் மகள் விவரம் தெரியாமல் முறத்தை அவன் கைக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தாள். உப்புத் தண்ணீர் அவன் விரல்களில் மினுங்கியது. யாரும் இருமிவிடக் கூடாதே, தும்மிவிடக் கூடாதே என்று நான் அந்த மலையில் உள்ள எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஒன்றை நான் மறந்துபோனேன். படம் இரண்டு துண்டாக இருந்தது. முதல் துண்டு முடிந்ததும், இரண்டாவதைப் போடுவதற்காக என் வீட்டுக்காரர் எழுந்து லைட்டைப் போட்டார். புரொஜெக்டர் பக்கமே திரும்பியிருந்த மனுஷனுக்கு எதுவும் தெரியாது.

அண்ணனின் வேட்டி மடியெல்லாம் ஓடு. கையில் பாதி உடைத்த கடலை. சின்னவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

“ப்பா, அத்த வூட்ல சாப்ட்டுட்ட!” என்று கை தட்டினாள்.

அவன் கையைப் பார்த்தான். மடியைப் பார்த்தான். முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. எழுந்து நின்றான், ஓடெல்லாம் தரையில் கொட்டியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

“இதுக்குத்தான் படம் போட்டீங்களா? இருட்டுல உக்கார வெச்சி ஏமாத்துறீங்களா?”

என் வீட்டுக்காரர் இல்லை மச்சான், நாங்கள் அப்படி நினைக்கவே இல்லை என்று தடுமாறினார். விடுடா, பச்சப்புள்ள மடியில இருந்ததத்தான தின்ன என்று அம்மா அழ ஆரம்பித்தாள். தின்றது தின்றதுதான், இனி என்ன பேச்சு என்று அண்ணி அதைச் சுபமாக முடித்துவிடப் பார்த்தாள். நானும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நேரத்தின் வெட்கத்தில் அவன் பணிந்தும்போயிருக்கலாம். எல்லாரும் சேர்ந்து ஆமாம் சாப்பிட்டாய் சாப்பிட்டாய் என்று அவனை அமுக்கியிருக்கலாம். எனக்கு வேண்டியதும் அதுதானே.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். என்னை வளர்த்தவன். அவனை அப்படி நிற்கவைத்துத்தான் என் வீட்டுச் சோற்றைத் தின்ன வைக்க வேண்டுமா? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“நீ ஒண்ணும் சாப்புடல,” என்றேன். “கடல வியாபாரி கை, கடலயப் பாத்துச்சி, எடுத்துச்சி. அத நான் கணக்குல சேக்க மாட்டேன். வெளிய யாரும் சொல்லவும் மாட்டாங்க. எம் பொண்ணு காது மூளியாவே இருக்கட்டும். நீ இன்னா செய்றன்னு தெரிஞ்சி எப்ப சாப்புடுறியோ, அப்ப சாப்புடு.”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. மூட்டம் முழுதாக விலகியிருக்கவில்லை, ஆனாலும் யாரும் இரு என்று சொல்லத் துணியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் ஏறினாள். பெண்கள் இருவரும் தலை குனிந்தபடி பின்னால் ஏறினார்கள். அண்ணி என் கையைப் பிடித்து, வாய் இருக்கிறதே உனக்கு என்று மட்டும் சொன்னாள். வண்டி வளைவில் மறையும்வரை அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். கனிந்து வந்ததைக் காலால் தள்ளிவிட்டாயே என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை, அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. ஆனால் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, தூரத்து மாமன் ஒருவரைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். கேளுங்கள் என்றேன். சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். அண்ணிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அம்மா எடுத்தாள், முட்டி வலியைப் பற்றியே பேசினாள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்றால், இருக்கிறான் என்றாள். சரியோ தவறோ, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாலும் அதைத்தான் சொல்வேன் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் வலி குறையவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. குரல் பிசிறியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று காலையில் கடைக்குப் பங்காளிப் பெரியப்பா ஒருவர் வந்தாராம். கருமாதிப் பந்தியில் அண்ணன் எழுந்து நின்று சபதம் போட்டபோது பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர். கடை நிறைய விவசாயிகள், எடை போடுகிறவர்கள், பங்காளிகளிலும் இரண்டு பேர். பெரியப்பா வேண்டுமென்றே உரக்கக் கேட்டிருக்கிறார், என்னப்பா, பொங்கலுக்கு மலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனாயாமே, அங்கே என்ன செய்தாய் என்று. கடையே நிமிர்ந்து பார்த்ததாம். அண்ணன் தராசைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னானாம்.

“எந் தங்கச்சி வூட்ல சோறு சாப்ட்டேன். எலை போட்டு, வவுறு நெறய சாப்ட்டேன். இன்னா இப்ப?”

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், பங்குனிக்குப் பட்டு வேட்டி எடுக்க வேண்டும், மருமகளை மடியில் வைத்துக்கொள்ளும்போது பழைய வேட்டி நன்றாக இருக்காது என்றானாம். சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டானாம். அண்ணி இதைச் சொல்லிவிட்டு, சோறாம்டி, எலை போட்டாம்டி என்று விக்கினாள்.

மூட்டையில் சொத்தை இருந்தால் வாங்குகிறவனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவான் என் அண்ணன். அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காகச் சொல்லியிருக்கிறான், பங்காளிகள் முன்னால்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதேன். கீழே ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் கையில் வயரோடு ஓடி வந்தார்.

“எங்க அண்ணன் சாப்ட்டுச்சாம்ங்க,” என்றேன்.

“எப்ப?” என்றார்.

“காணும் பொங்கலுக்கு. நம்ப வூட்ல. எலை போட்டு.”